கடைமடை காணும் கண்: அரசுச் சேவை வடிவமைப்புத் தலைவரின் திறன்களும் பொறுப்புகளும்

முன்னுரை

அரசு என்றதும் நம் நினைவுக்கு வருவன கோட்டையும் சட்டமன்றமும் கொடி பறக்கும் வாகனமும் ஆகும். ஆயின் அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் உழைக்கும் நெசவாளருக்கும், திருச்சுழிப் பகுதியில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடும் தொழிலாளிக்கும் அரசு என்பது வேறொன்றாகவே தோன்றுகிறது. ஒரு விண்ணப்பம், ஒரு வரிசை, ஒரு முத்திரை, ‘நாளை வாருங்கள்’ என்னும் ஒரு மறுமொழி ஆகியவையே அவர்கள் கண்ட அரசு. இவ்விடத்தில் அரசு செவ்வனே இயங்கினால் அவர்களுக்கு நல்லரசு கிட்டியது எனலாம். இங்குத் தடுமாறின், ஏட்டில் எத்துணைச் சிறந்த சட்டங்கள் இருப்பினும் அவர்களுக்குப் பயனில்லை.

குடிமகன் அரசைச் சந்திக்கும் இவ்விடத்தைச் சீர்செய்வதற்கென்றே இன்று ஒரு துறை வளர்ந்துள்ளது. அதனைச் ‘சேவை வடிவமைப்பு’ என்கின்றனர். அத்துறையில் மூத்த பொறுப்பில் இருப்பவருக்கு வேண்டிய திறன்கள் யாவை, அவர் ஏற்கும் பொறுப்புகள் யாவை என்பவற்றை நம் மண்ணின் சான்றுகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டமும் சேவையும்

திட்டம் வேறு, சேவை வேறு. ஆதரவற்ற முதியோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குவது என அரசு முடிவு செய்து ஆணை பிறப்பிப்பது திட்டம். அத்தொகை ஒரு மூதாட்டியின் கையில் மாதந்தோறும் தவறாது சேர்வது சேவை. ஆணைக்கும் கைக்கும் இடையே உள்ள தொலைவை ஆராய்ந்து, அங்குள்ள படிகளையும் தடைகளையும் கண்டறிந்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை ஒழுங்குபடுத்துவதே சேவை வடிவமைப்பு. வடிவமைப்பு என்றவுடன் வண்ணமும் எழுத்துருவும் மட்டுமே நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கு வடிவம் பெறுவது ஒரு நடைமுறை என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இப்பணியைத் தனிப் பதவியாக வளர்த்த நாடுகளுள் பிரித்தானியா குறிப்பிடத்தக்கது. அந்நாட்டில் 2011-ஆம் ஆண்டு அரசின் இணையச் சேவைகளுக்கெனத் தனி அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. துறைதோறும் சிதறிக் கிடந்த இணையதளங்களை ஒருங்கிணைத்து 2012-இல் ஒரே தளத்தை அது திறந்தது. மக்களின் தேவையிலிருந்தே பணியைத் தொடங்குக என்பதை அவ்வமைப்பு முதற்கொள்கையாக வகுத்துக்கொண்டது. லூ டவுன் என்பார் அவ்வரசின் வடிவமைப்பு இயக்குநராகப் பணியாற்றித் துறைகள் தோறும் சேவை வடிவமைப்பாளர்களை உருவாக்கினார். நம் நாட்டில் இப்பெயரிலான பதவி இன்னும் பரவலாகவில்லை. எனினும் இப்பணி நமக்குப் புதிதன்று. மாவட்ட ஆட்சியர், துறை இயக்குநர், அரசுச் செயலர் எனப் பல பெயர்களில் இதனைச் செய்தோர் நம்மிடையே உளர்.

கரிசல் நிலம் கற்பிக்கும் பாடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பி வாழும் வறள்நிலமாகும். குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காட்சி தருகிறது. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் மானாவாரியாக விளைகின்றன. நெல் விளையும் இடங்களில் கண்மாயே உயிர்நாடி. கண்மாய்ப் பாசனத்தில் மடைக்கு அருகிலுள்ள வயலுக்கு நீர் எளிதிற் பாய்ந்துவிடுகிறது. கடைமடை வயலுக்குப் பாய்வதே அரிது. கண்மாய் நிரம்பியது என்பதால் ஊர் விளைந்தது என்று கூறிவிட இயலாது. கடைமடையில் கதிர் முற்றியதா என்று காண்பதே உண்மையான கணக்கு.

இதனை உணர்ந்த நம் முன்னோர் ஊர்தோறும் ‘நீர்ப்பாய்ச்சி’ என்னும் பணியாளரை அமர்த்தினர். எல்லா வயல்களுக்கும் முறைவைத்து நீர் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. அவருக்குக் கூலி விளைச்சலிலிருந்து நெல்லாக அளக்கப்பட்டது. வரப்பில் நடந்து, வாய்க்கால் உடைந்த இடத்தை அடைத்து, யார் வயல் காய்கிறது என்று பார்த்து நீரைத் திருப்புபவர் அவர். மூத்த சேவை வடிவமைப்பாளர் செய்வதும் இதுவே. அரசின் நலத்திட்டங்கள் நீர், அலுவலகங்கள் வாய்க்கால், கடைக்கோடி ஊரின் ஏழைக் குடும்பமே கடைமடை.

ஒரு விண்ணப்பத்தின் வழிநடை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கரி மூட்டத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த ஒரு கைம்பெண் இதனைப் பெற முயல்வதாகக் கொள்வோம்.

முதலில் இப்படி ஓர் உதவி உண்டென்பதும் அதற்குத் தாம் தகுதியுடையவர் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். பின்பு குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் தேடி எடுக்க வேண்டும். மூன்றிலும் பெயரும் வயதும் ஒத்திருக்க வேண்டும். பேருந்தேறி இ-சேவை மையம் சென்று விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். அதன் பின்னரே தொகை வங்கிக்கு வரும். அங்கும் முகவரின் கருவியில் விரல் வைக்குங்கால், உழைத்துத் தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மேற்கூறிய ஒவ்வோர் அலுவலரும் தம் பணியை நேர்மையாகவும் குறித்த காலத்திலும் செய்திருக்கலாம். ஒருவர் மீதும் குற்றம் இல்லாமலேயே அம்மூதாட்டி வெறுங்கையுடன் திரும்ப நேரலாம். காரணம் யாதெனில், ஒவ்வொரு படிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு; வழி முழுமைக்கும் பொறுப்பாளர் இல்லை. ஒவ்வொரு முறை அலையும்போதும் அவர் இழக்கும் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வரும் மகன் இழக்கும் ஒருநாள் கூலியும் அரசின் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத இவ்விழப்பைக் கணக்கில் கொண்டு, வாசல் தொடங்கி வாசல் வரையிலான வழி முழுமைக்கும் விடை சொல்பவரே நாம் கூறும் தலைவர்.

விண்ணப்பம் கேளாத சேவை

இதற்கு நேர்மாறான சான்று நம் மாவட்டத்தோடு உறவுடையது. விருதுநகரிற் பிறந்த காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-ஆம் ஆண்டளவில் நீதிக்கட்சியினர் காலத்திலேயே இதற்கு முன்னோட்டம் நிகழ்ந்தது. அதனை மாநிலம் தழுவிய நடைமுறையாக உருவாக்க அல்லும் பகலும் உழைத்தவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஆவார். பிற்காலத்தில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

அரசிடம் பெருநிதி இல்லாத காலம் அது. ஊர்தோறும் மக்களைக் கூட்டி, அரிசியும் பருப்பும் விறகும் ஊரார் தர முன்வருமாறு செய்தனர். பின்னர் அரசும் செலவில் பங்கேற்றது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, கட்டடம், கரும்பலகை, சீருடை என ஊராரின் பங்களிப்பை விரிவுபடுத்தினர். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்னும் ஒரே உண்மையிலிருந்து தொடங்கி, உணவு, வருகை, ஊரார் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றிற் கட்டியதே இதன் சிறப்பாகும்.

1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., 1982 ஜூலை முதல் நாள் இதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனத் தனிப் பணியாளர் அமர்த்தப்பட்டனர். 1984-இல் 15 வயது வரையுள்ள மாணவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1989-இல் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கும் முறை வகுக்கப்பட்டது. தம் ஊர்ப் பிள்ளைகள் உண்ணப்போவதைச் சமைப்பவர் அறிவார்; அவ்வறிவே நல்லதொரு கண்காணிப்பாகும்.

ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, இச்சேவை மாறாது வளர்ந்தது. இதற்குரிய காரணங்களுள் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். உணவு பெற ஒரு குழந்தை விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. தட்டை நீட்டினால் போதும். தகுதியை மெய்ப்பிக்கும் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றாமல் அரசே சுமந்துகொண்டது. நல்ல சேவைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை எனலாம்.

கைப்புத்தகம் செய்த மாற்றம்

மற்றொரு சான்று மருந்து வழங்கலில் உள்ளது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கத் தொடங்கியது. அதன் முதல் மேலாண்மை இயக்குநராக விளங்கியவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஆர். பூரணலிங்கம் ஆவார். இன்றியமையாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வகுத்து, ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளி வழியாக மொத்தமாக வாங்கி, ஆய்வகச் சோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தனர்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு கைப்புத்தகம் தரப்பட்டது. ஆண்டுக்குரிய தொகை அதில் குறிக்கப்படும். மருத்துவமனை தனக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதன் விலை புத்தகத்தில் கழிக்கப்படும். மேலிடம் அனுப்புவதைக் கீழிடம் பெற்றுக்கொள்ளும் பழைய முறை மாறி, நோயாளியின் தேவையே மருந்தை வரவழைக்கும் முறை உருவாயிற்று. ஒரு சிறு புத்தகம் அதிகாரத்தின் திசையையே மாற்றிவிட்டது. இதற்குக் கணினி மட்டும் போதாது. யார் முடிவு செய்வது என்னும் வினாவுக்கு விடை காணும் துணிவும் வேண்டும்.

வேண்டப்படும் திறன்கள்

இச்சான்றுகளிலிருந்து ஒரு மூத்த வடிவமைப்பாளருக்கு வேண்டிய திறன்களை ஐந்தாக வகுத்துக் காட்டலாம்.

முதலாவது, சென்று காணும் திறன். அறிக்கையில் படித்தறிவது வேறு. நரிக்குடிப் பேருந்தில் ஏறி, மனு கொடுக்க வருவோருடன் வரிசையில் நின்று அறிவது வேறு. மக்கள் தம் குறையை அலுவலகத்தின் சொற்களில் கூறார். தம் வாழ்க்கையின் சொற்களிலேயே கூறுவர். அதனைப் பொறுமையுடன் கேட்டுப் பொருள்கொள்ளத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, முழுமை காணும் திறன். வருவாய்த்துறை, வங்கி, உணவு வழங்கல் துறை, இ-சேவை மையம் ஆகியவற்றைத் தனித்தனியாக நோக்காமல் ஒரே வழியின் பகுதிகளாக வரைந்து காட்ட வேண்டும். தடை பெரும்பாலும் ஒரு துறை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது, இணைக்கும் திறன். பிற துறைகளின் அலுவலர் இவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். கட்டளையால் ஆகாததைச் சான்றாலும் இன்சொல்லாலும் ஆக்கிக்கொள்ள வேண்டும். சட்டமும் நிதிநடைமுறையும் அறிந்திருந்தாலன்றி இது கைகூடாது.

நான்காவது, சிறிதாகச் செய்து பார்க்கும் திறன். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கிப் பின்னர்ப் பிழையறிவதினும், ஓர் ஊரில் முயன்று, பிழை கண்டு, திருத்திப் பின் விரிப்பதே அறிவுடைமை. காலை உணவும் தெரிந்தெடுத்த பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

ஐந்தாவது, எளிய மொழித்திறன். படித்த அளவில் பொருள் விளங்காத விண்ணப்பம், பூட்டிய கதவுக்கு ஒப்பாகும்.

ஏற்கும் பொறுப்புகள்

திறன் ஒருவரைத் தேர்ந்தவராக்கும். பொறுப்பே அவரைத் தலைவராக்கும். வழி முழுமைக்கும் விடை சொல்வது அவருடைய தலையாய பொறுப்பு என முன்பே கண்டோம். அதனோடு வேறு சிலவும் உள.

மேலிடத்தில் உண்மை உரைத்தல் அவற்றுள் ஒன்று. தொடக்க விழாவுக்கு நாள் குறிக்கப்பட்ட பின்னரும், இன்னும் ஆயத்தமாகவில்லை என்று உரிய சான்றுடன் கூற வல்லவராதல் வேண்டும். இடித்துரைப்பாரைப் போற்றும் மரபு தமிழ் மரபு என்பதை நாம் மறத்தலாகாது.

விடுபட்டோரைத் தேடுதல் மற்றொன்று. சேவை பெற்றோர் எண்ணிக்கை ஏட்டில் இருக்கும். பெறாதோர் எண்ணிக்கை எங்கும் இராது. எழுதப் படிக்கத் தெரியாதோர், பார்வையற்றோர், நடமாட இயலாதோர், பிழைப்புக்காக ஊர் பெயர்ந்தோர் ஆகியோரை மனத்திற்கொண்டே ஒவ்வொரு படியும் அமைதல் வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. மருத்துவமனைக்கு வர இயலாதோரையும் கணக்கிற் கொண்டமையே அதன் சிறப்பு. ஐக்கிய நாடுகள் அவையின் விருதையும் 2024-இல் அது பெற்றது.

கருவி தோற்கும்போது மாற்றுவழி வைத்தலும் இவருடைய பொறுப்பே. விரல்ரேகை பதியவில்லை என்பதற்காக ஒருவருடைய அரிசியோ உதவித்தொகையோ நின்றுவிடுதல் கூடாது. கருவியின் குறையை மனிதரின் குறையாக எழுதுவது அறமன்று. அவ்வாறே, மக்கள் நம்பித் தரும் செய்திகளைக் காப்பதும் கடமையாகும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. தேவைக்கு மேல் ஒரு தாளும் கேளாதிருத்தலே சிறந்த பாதுகாப்பு.

இளையோரை உருவாக்குதல் இறுதிப் பொறுப்பு. ஓர் அதிகாரி மாறுதலாகிச் சென்றதும் சரிந்துவிடும் சேவை, வடிவமைக்கப்பட்ட சேவையன்று. ஒருவரின் முயற்சியால் தாங்கப்பட்ட சேவை மட்டுமே. தாம் இல்லாதபோதும் இயங்கும் வண்ணம் நடைமுறையையும் மனிதரையும் ஆயத்தம் செய்பவரே மூத்தவர் எனத் தக்கவர்.

எண்ணும் உண்மையும்

2018 ஜனவரியில் நடுவண் அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. உடல்நலமும் ஊட்டச்சத்தும், கல்வி, வேளாண்மையும் நீர்வளமும், நிதிச்சேவையும் திறன்பயிற்சியும், அடிப்படைக் கட்டமைப்பு எனும் துறைகளில் 49 குறியீடுகள் கொண்டு மாவட்டங்களின் முன்னேற்றம் அளக்கப்பட்டது. எங்கே பின்தங்கியுள்ளோம் என்பதை எண் காட்டும். ஆதலின் அளவீடு இன்றியமையாதது.

எனினும் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. மாவட்டச் சராசரி உயர்ந்திருக்குங்கால், திருச்சுழி வட்டத்தின் ஒரு மூலையிலுள்ள சிற்றூர் அப்படியே இருக்கலாம். ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று குறிக்கப்பட்ட மனுவுக்கு உரியவர், தீர்வு காணாமலே இருக்கலாம். எத்தனை மனுக்கள் முடிக்கப்பட்டன என்பதோடு, மனுதாரர் எத்தனை முறை அலைந்தார், மனுவே தேவைப்படாமற் செய்திருக்க இயலாதா என்பவற்றையும் கேட்பதே மூத்தவரின் கடமை. எண்ணைப் படித்துவிட்டு, ஊருக்கும் சென்று பார்ப்பதே முறையாகும்.

தமிழ் மாணவர்க்கு இங்கு என்ன பணி?

இப்பணி பொறியியல் கற்றோர்க்கே உரியது என்று நம் மாணவர் கருதற்க. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்த கீ. இராமலிங்கனார் போன்றோர் ஆட்சித்தமிழுக்கு அரும்பாடுபட்டனர். அலுவலகத்தில் தமிழ் நுழைந்தது. அத்தமிழ் எளியோர்க்கு விளங்கும் தமிழாதல் இன்னும் நிறைவேறாத பணியாகவே நிற்கிறது. ஒரு விண்ணப்பத்தின் வாக்கியத்தை, பொருள் பிறழாமல், எட்டாம் வகுப்புப் படித்தவர்க்கும் விளங்குமாறு எழுதுதல் எளிதன்று. சொல்லின் பொருளாழம் அறிந்த தமிழ் மாணவரே அதற்குத் தக்கவர்.

நம் மாணவர் பலர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை எழுதி, இளநிலை உதவியாளராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் பணியேற்க விழைகின்றனர். அவர்கள் அமரும் மேசையே ஒருநாள் ஒரு மூதாட்டியின் கடைமடையாக இருக்கும். ‘இத்தாள் ஏன் கேட்கப்படுகிறது? கேளாமல் இருக்க இயலாதா?’ என்னும் வினாவை அங்கு எழுப்பும் இளைஞரிடமே நாளைய சேவைத் தலைவர் முளைவிடுகிறார்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஜமாஅத்தார்க்கும் இதில் பங்குண்டு. எழுதத் தெரியாதோர்க்கு மனு எழுதித் தருவது நம் ஊர்களில் நெடுங்காலமாக நிகழும் நற்பணி. எந்தப் படியில் யார் யார் தடைப்படுகின்றனர் என்பதையும் குறித்துவைத்து, ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிகழும் ஜமாபந்தியில் தொகுத்து அளித்தால், ஒருவருக்கான உதவி ஊருக்கான சீர்திருத்தமாக வளரும்.

முடிவுரை

அரசுச் சேவையை வடிவமைக்கும் மூத்தவர் ஆணைக்கும் கைக்கும் இடைப்பட்ட வழி முழுமையையும் தம் பொறுப்பாக ஏற்பவர். சென்று கண்டு, முழுமை நோக்கி, துறைகளை இணைத்து, சிறிதாக முயன்று, எளிய மொழியில் அமைப்பது அவர் திறன். உண்மை உரைத்து, விடுபட்டோரைத் தேடி, மாற்றுவழி வைத்து, மக்கள் தந்த செய்தியைக் காத்து, இளையோரை ஆளாக்குவது அவர் பொறுப்பு. அரசு சுமக்க வேண்டிய சுமையை ஏழையின் தலையில் ஏற்றாதிருத்தல் இவை அனைத்தின் சாரமாகும். பசித்த குழந்தையிடம் சான்றிதழ் கேளாத ஒரு சேவையை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே வடிவமைத்துக் காட்டிய நாடு நம் நாடு. அந்த இலக்கணத்தை முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் விரித்தெழுதும் பணி இன்று கற்கும் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.